தட்டிக்கு அந்தப் பக்கம்

"எனக்குப் புள்ளி ரெண்டு அஞ்சு போதும்மா" என்றாள் மகள்.

ஆப்பிளில் பாதி இறங்கியிருந்த கத்தி அங்கேயே நின்றது.

"என்ன போதும்?"

"கால் பங்கு. கால்னாலும் புள்ளி ரெண்டு அஞ்சுனாலும் ஒண்ணுதானே."

ஒன்றுதான். இருபது வருடமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொண்டை வறண்டு போகும்வரை அவள் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான். பின்னத்தைத் தசமமாக்கு, தசமத்தைப் பின்னமாக்கு. ஆனால் மகள் அவள் வகுப்பில் படிக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தன் வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் விதி. அவள் 'அ' பிரிவுக்கு டீச்சர், மகள் 'ஆ' பிரிவு. நடுவில் ஒரு மரத்தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம், இரண்டு மாதமாக, ஒரு புது டீச்சர்.

"எட்டுல மூணு?" என்றாள் டீச்சர், ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல.

"புள்ளி மூணு ஏழு அஞ்சு."

"பேப்பர் இல்லாம எப்படிடி?"

"கீழ இருக்கறதைப் பத்து, நூறு, ஆயிரம், ஏதாவது ஒண்ணா ஆக்கிடணும். எட்டை நூத்தி இருபத்தஞ்சால பெருக்கினா ஆயிரம். மேல இருக்கற மூணையும் அதாலயே பெருக்கணும். அவ்ளோதான்." மகள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சரும் இதைத்தான் சொல்லித் தருகிறாள். கமா மாறாமல் இதைத்தான். ஆனால் இவள் சொன்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பாதி கொட்டாவி விடுகிறது. யாரோ நேற்று வந்தவள் சொன்னால் ஆப்பிள் தின்றுகொண்டே விடை வருகிறது.

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் கணவன் மிச்ச ஆப்பிளை எடுத்துக்கொண்டான். "நாங்கல்லாம் புள்ளிக்கு அப்புறம் இருக்கறதை எழுதறதே இல்லை. முழுசா ஒரு நம்பரைப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவோம்."

"அதான் உங்களுக்குப் படுத்ததும் தூக்கம் வருது."

"உனக்கு ஏன் வரலை?"

பொறாமை என்ற சொல் வாசல்வரை வந்தது. அதை உள்ளே விடாமல், 'அக்கறை' என்று பெயர் மாற்றிக் கூட்டி வந்து உட்காரவைத்தாள். இரண்டு மாதத்துக்கு முன்வரை கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்காரும் பெண். இப்போது கேட்டால், "வீட்டுப்பாடமே இல்லைம்மா. நோட்டெல்லாம் டீச்சர்கிட்ட இருக்கு" என்கிறாள். வீட்டுப்பாடமும் கொடுக்காமல், நோட்டும் கையில் இல்லாமல் ஒருத்தியால் இவ்வளவு சொல்லித் தர முடியுமென்றால், இருபது வருடமாகத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம்?

மறுநாள் பாடம் நடத்திக்கொண்டே ஒரு காதைத் தட்டிப் பக்கம் வைத்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஐந்தாம் வகுப்பு இவ்வளவு அமைதியாக இருக்குமென்றால் பிள்ளைகள் எப்படிச் சொக்கிப் போயிருக்க வேண்டும்.

இடைவேளையில் புது டீச்சர் கைப்பையைத் திறந்தபோது உள்ளே ஒரு சிவப்பு ரிப்பன் தெரிந்தது.

அதுதானா விஷயம்?

அன்று மாலையே ஒரு மீட்டர் ரிப்பன் வாங்கினாள். மறுநாள் வகுப்பில் அதை நீட்டிப் பிடித்தாள். பாதி ஐம்பது சென்டிமீட்டர், புள்ளி ஐந்து. கால் இருபத்தைந்து, புள்ளி இரண்டு ஐந்து. ஐந்தில் ஒன்று, புள்ளி இரண்டு. கொட்டாவிகள் நின்றன. டீச்சர் குரலை உயர்த்தினாள், தட்டிக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று.

"டீச்சர், மூணுல ஒண்ணு வெட்டுங்க" என்றாள் முதல் பெஞ்சு ரெட்டைச்சடை.

புத்தியுள்ளவள் நாளைக்குப் பார்க்கலாம் என்றிருப்பாள். டீச்சர் வெட்டினாள். முப்பத்து மூன்று சென்டிமீட்டரில் மூன்று துண்டு, ஒரு சென்டிமீட்டர் மிச்சம். அதை மூன்றாக வெட்டினாள். மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மிச்சம். அதையும் வெட்டப் போக, ரிப்பன் நூலாகிப் பறந்துவிட்டது.

"தொலைஞ்சு போச்சு டீச்சர். திரும்ப முதல்லேருந்து வெட்டலாம்" என்று ரெட்டைச்சடை தன் சடையிலிருந்து ரிப்பனை உருவிக் கொடுத்தாள். "இந்தத் தடவை சரியா வரும்."

"வராதும்மா. எத்தனை வெட்டினாலும் மிச்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் அது கணக்குலதான் வரும். புள்ளி மூணு மூணு மூணுன்னு போய்க்கிட்டே இருக்கும்."

"என்னோடதை வெட்டிப் பாருங்க டீச்சர். என்னோடது அகலம்."

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. பதினான்கு பெண்பிள்ளைகள் அன்று தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பள்ளி அலுவலகத்துக்கு ஒன்பது அம்மாக்கள் போன் செய்தார்கள்.

அது பரவாயில்லை. சாப்பிடும்போது மகள் சொன்னதுதான் பரவாயில்லாமல் போனது.

"அம்மா, மூணுல ஒண்ணை வெட்டிக்கிட்டே இருந்தாலும் தீராது இல்ல? நூலாப் போனாலும் மிச்சம் இருக்கும்."

டீச்சர் கையில் கவளத்தோடு அவளைப் பார்த்தாள். அந்தப் புது டீச்சரும் வெட்டியிருக்கிறாள். அந்தச் சிவப்பு ரிப்பனை. அதே நாளில். அவள் வகுப்பில் யாரும் தலைவிரி கோலமாகப் போனதாகத் தெரியவில்லை.

"உங்க கிளாஸ்ல யாராவது ரிப்பனை அவுத்தாங்களா?"

"இல்லையே" என்றாள் மகள், ஆச்சரியமாக.

ஒரு ரிப்பனும் கெடாமல் முடிவில்லாத தசமத்தைப் புரியவைத்திருக்கிறாள். டீச்சர் கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

இனி வெட்டுவது கிடையாது. தண்ணீர்தான் சரி. ஊற்றினால் மிச்சமில்லாமல் பிரியும். மறுநாள் ஒரு லிட்டர் ஜாடியும் எட்டு டம்ளரும் மேசைமேல் ஏறின. டம்ளருக்கு எட்டில் ஒன்று. புள்ளி ஒன்று இரண்டு ஐந்து லிட்டர்.

"டீச்சர், மூணாவது டம்ளர்ல கம்மி."

அதில் கொஞ்சம் ஊற்றினாள்.

"இப்ப அஞ்சாவதுல கம்மி."

"எல்லாம் ஒண்ணுதான். உக்காரு."

"நேத்து நீங்கதானே சொன்னீங்க, ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் அது கணக்குலதான் வரும்னு?"

குனிந்து, கண்ணை டம்ளர் விளிம்புக்கு நேராக வைத்து, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் ஊற்றினாள். பார்ப்பதற்காக முப்பத்தெட்டுப் பேரும் மேசையைச் சுற்றி நெருக்கினார்கள். மேசைக்கு ஏற்கெனவே ஒரு கால் குட்டை. எட்டு டம்ளரில் ஆறு சாய்ந்தன. தண்ணீர் மேசையிலிருந்து தரைக்கு இறங்கி, பள்ளம் பார்த்து, தட்டிக்கு அடியில் நிதானமாக அந்தப் பக்கம் போயிற்று.

முதன்முதலாக அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. நாற்பது ஜோடிக் கால்கள் பெஞ்சுமேல் ஏறும் சத்தம்.

புது டீச்சர் வாசலில் எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லை டீச்சர். துடைச்சுடறோம்." சிரித்தும் தொலைத்தாள். அந்தச் சிரிப்பை டீச்சர் சாயங்காலம்வரை பல்லில் மாட்டிய நார்போல நிரடிக்கொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் மகள் தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். "எட்டுல ஆறு கொட்டிப் போச்சுன்னா புள்ளி ஏழு அஞ்சு லிட்டர் போச்சு. மிச்சம் புள்ளி ரெண்டு அஞ்சு. இல்லம்மா?"

"சாப்பிடு" என்றாள் டீச்சர். சாய்ந்த டம்ளர்கள் எத்தனை என்பதுவரை எண்ணியிருக்கிறாள் அந்தப் புது டீச்சர். இவள் கொட்டிய தண்ணீரைக்கூட எடுத்துப் பாடமாக்கி, இவள் மகள் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"அவ என் பாடத்தைத் திருடறா" என்றாள் கணவனிடம், பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

"பாடத்தை எப்படித் திருட முடியும்?"

"தட்டி வழியா. நான் இங்க மண்டையை உடைச்சுக்கிட்டு ஒண்ணு யோசிச்சா, அவ அங்க நோகாம எடுத்துக்கறா."

"எடுத்தா எடுத்துட்டுப் போறா. நம்ம பொண்ணுக்குத்தானே போய்ச் சேருது?"

அதுதான் வலித்தது. போய்ச் சேருகிறது, ஆனால் இன்னொருத்தி கொடுத்ததாகப் போய்ச் சேருகிறது. மகளின் கண் கணக்கைப் பார்த்து மின்னுகிறது. அந்த மின்னலுக்குக் காரணமாக மகள் மனதில் இருக்கும் முகம் தன்னுடையது இல்லை. அந்த முகத்துக்கு வயது இருபத்தாறு, நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது.

காலையில் தலைமையாசிரியையின் மேசைமேல் ஒரு முழுத்தாள் மனு இருந்தது. எழுத எழுத அவள் எழுத்து அழகாகிக்கொண்டே போயிருந்தது. மரத்தட்டியால் கற்பித்தலுக்கு ஏற்படும் பாதிப்புகள். ஓசை. ஈரம். கவனச்சிதறல். உடனடித் தீர்வு, செங்கல் சுவர்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினாள். "ரிப்பன் போன் ஒன்பது வந்திருக்கு. தண்ணி வேற. நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்."

"எல்லாத்துக்கும் காரணம் அந்தத் தட்டிதான் மேடம்."

"ரிப்பனுக்குமா?"

"ரிப்பனுக்கும்தான்."

"எவ்வளவு உயரம் வேணும்?"

"கூரைவரைக்கும். ஒரு எறும்பு சத்தம்கூடத் தாண்டக் கூடாது மேடம்."

தலைமையாசிரியை பேனாவை எடுத்தாள். பிறகு, இனி ரிப்பன் பற்றி யாரும் போன் செய்யாமல் இருந்தால் போதும் என்ற களைப்போடு, மனுவின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். "கொத்தனார் பின்கட்டுலதான் வேலை செய்யறார். நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லிடறேன். இனிமே மாத்தமாட்டேன், சரிதானே?"

"மாத்தவே வேண்டாம் மேடம்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு டீச்சரின் மார்பு லேசாயிற்று. நாளையிலிருந்து அந்தப் பெண் சொந்தமாக யோசிக்கட்டும். நாலே நாளில் சாயம் வெளுக்கும். மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு பழையபடி முழங்காலை ஒட்டி வந்து உட்காருவாள்.

"அந்தப் பக்கத்து டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று தலைமையாசிரியை புது டீச்சரை வரவழைத்தாள். அவள் கையில் சாக்பீஸ் தூளோடு வந்து நின்று, மனுவை முழுக்கப் படித்தாள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, முகம் வெளிறும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தாள்.

புது டீச்சரின் முகம் மலர்ந்தது.

"சுவர் வந்தா எனக்குத்தான் மேடம் பெரிய உபகாரம்" என்றாள். "நான் இன்னும் வகுத்தலையே தாண்டலை, பின்னத்துக்கு வர ரெண்டு மாசம் ஆகும், இவங்க பொண்ணு என்னடான்னா என் பாடத்தைக் கவனிக்காம, தட்டி இடுக்குல காதையும் கண்ணையும் வெச்சுக்கிட்டு, தினமும் அவங்கம்மா பாடத்தைத்தான் கேட்டுட்டு உக்காந்திருக்கா."