வெறும் தட்டாகக் கொடுக்க முடியாது

"கட்டி கட்டியா வருதும்மா" என்றார் ஹார்லன், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு. "ஆத்துல கூழாங்கல் கெடக்குற மாதிரி."

"கோக்கோவை எப்பப் போட்டீங்க?" மெம்பிஸிலிருந்து மகள் ட்ரூடி கேட்டாள்.

"பால் கொதிச்சப்புறம்."

"அப்பா! சக்கரையோட சேத்து முதல்லயே கலக்கணும்னு சொன்னேன்ல? சாக்லேட் பைங்கிற இந்தப் பலகாரத்தை விட சுலபமானது உலகத்துலயே கிடையாது. கோக்கோ, சக்கரை, மாவு, டின் பால், முட்டை. எல்லாம் அம்மா அலமாரியிலயே இருக்கு."

"எல்லாம் இருக்கு. அம்மாதான் இல்ல."

பாத்திரத்தில் ஒரு குமிழி மெதுவாக எழுந்து உடைந்தது.

அவர் மனைவி நடீன் இறந்துபோனது குளிர்காலத்தில். அப்போது ஊரே சமைத்துக் கொண்டுவந்து கொட்டியது. அந்தப் பாத்திரங்களையெல்லாம் ட்ரூடி கழுவி, உரியவர்களிடம் சேர்த்துவிட்டுத்தான் மெம்பிஸுக்குக் கிளம்பினாள். அதன்பிறகு, வசந்தம் வந்து டாக்வுட் மரங்கள் பூத்திருந்த ஒரு நாளில், எல்லோரும் வருவதை நிறுத்தியிருந்த நேரத்தில், வாசற்படியில் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. அதில், சுட்ட மாவு ஓட்டுக்குள் சாக்லேட் கூழ் நிரப்பிய ஒரு முழு சாக்லேட் பை. தட்டின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 'ஓபல் டிஸ்டேல்' என்று எழுதியிருந்தது.

ஹார்லன் அதைத் தனியாகவே தின்று தீர்த்தார். அந்த வருடத்தில் அவர் நாக்குக்கு ருசி தெரிந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகுதான் வம்பு. அந்த ஊரில் அடுத்தவர் தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. கடையில் வாங்கியதை அதில் வைத்துக் கொடுப்பது அதைவிடக் கேவலம். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற ஹார்லனுக்கு முட்டை பொரிக்க மட்டுமே தெரியும். தட்டு ஃபிரிட்ஜின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பாட்டுக்குழு வரிசையிலிருந்து மிஸ் ஓபல் அவரைத் திரும்பிப் பார்ப்பார். கடைசிப் பாட்டு முடிவதற்குள் ஹார்லன் நழுவித் தன் வண்டிக்குப் போய்விடுவார்.

நாளைக்கு சர்ச்சின் ஆண்டு விருந்து. ஓக் மர நிழலில் நீளமாக மேசை போட்டு ஊரே ஒன்றாகச் சாப்பிடும். தனியாகச் சாப்பிட்டுச் சலித்துப் போயிருந்தார் ஹார்லன்.

"இன்னிக்கே இந்தத் தட்டைக் கொடுத்தாகணும் ட்ரூடி. இல்லன்னா நாளைக்கு அந்தம்மா மொகத்தைப் பாத்துக்கிட்டு எனக்கு ஒரு வாய் எறங்காது."

பின்கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் எதிர்வீட்டு லாமர். "என்னய்யா, வீட்டுக்குள்ள தார் காய்ச்சுற?"

"சாக்லேட் பை."

லாமர் எட்டிப் பார்த்தார். "கட்டியை உடைக்கணும். அவ்வளவுதான். உன்கிட்டதான் டிரில் இருக்கே."

ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்த போனில் ட்ரூடி "வேணாம்ப்பா" என்று கத்தியது இருவர் காதிலும் விழவில்லை. முட்டை அடிக்கும் கம்பியை டிரில்லில் மாட்டினார்கள். அதைப் பாத்திரத்துக்குள் விட்டு ஹார்லன் விசையை அழுத்தினார்.

கட்டிகள் உடைந்தன. உடைந்தவை கூரையிலும், ஜன்னல் திரையிலும், லாமரின் மூக்கிலும் போய் ஒட்டின. பாத்திரத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

லாமர் மூக்கைத் துடைத்து விரலை நக்கினார். "ருசிக்குக் குறைச்சல் இல்லய்யா."

இரண்டாவது முறை கோக்கோவும் சக்கரையும் முதலிலேயே கலந்தன. மாவு டப்பா காலி. அலமாரியின் கீழடுக்கிலிருந்து ஒரு பெரிய மாவு மூட்டையை லாமர் இழுத்து வந்து தாராளமாக அள்ளிப் போட்டார். பாத்திரம் சூடானதும் உள்ளே ஏதோ முனகியது.

"லாமர், இது மூச்சு விடுது."

"அடுப்பைக் குறை."

"குறைச்சிட்டேன். கோவம்தான் கூடுது."

பழுப்பு நுரை விளிம்புக்கு வந்து, எட்டிப் பார்த்து, அடுப்பின் மேல் வழிந்தது. ட்ரூடி போனில் அலறினாள். "அது பிஸ்கட் மாவுப்பா! சோடா, உப்பு எல்லாம் அதுக்குள்ளயே கலந்திருக்கும்!"

"மூட்டையில அப்படி எழுதலயே" என்றார் லாமர்.

"பெருசா எழுதியிருக்கு" என்றார் ஹார்லன், மூட்டையைத் திருப்பிப் பார்த்து.

லாமர் வீட்டுக்கு ஓடிப்போய், மனைவிக்குத் தெரியாமல் சோள மாவும் முட்டைகளும் எடுத்து வந்தார். மூன்றாவது முறை ஹார்லன் டிரில்லைத் தொடவில்லை. மரக்கரண்டியால் மெதுவாக, ஒரே பக்கமாகச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் அது கெட்டியாகி, இரவில் குளம் மின்னுவது போல் மின்னியது. ஓபலின் தட்டில் காலையிலேயே சுட்டு வைத்து, வெந்து சுருங்கிப்போயிருந்த மாவு ஓட்டில் அதை ஊற்றினார்கள். வெள்ளைக்கருவை அடித்து மேலே மேகம் போல் குவித்தார்கள்.

"இதை ஓவன்ல வெச்சுப் பொன்னிறமாக்கணும்" என்றாள் ட்ரூடி.

"ஓவன் எதுக்கு? உன் பட்டறையில நெருப்பைப் பீய்ச்சுற ஊதுவிளக்கு இருக்கே" என்றார் லாமர்.

மேகத்தின் ஒரு பாதி பொன்னிறமானது. மறுபாதி கரியானது. கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, மானத்தை மறைக்க மேலே ஒரு துணியைப் போர்த்தினார் ஹார்லன். தட்டை முன்சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டார். ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டி ஒரு குதி குதித்தது.

மிஸ் ஓபல் வீட்டு வாசலில் நின்று துணியை எடுத்தார். வெள்ளை மேகம் முழுவதும் துணியோடு வந்துவிட்டது. தட்டில் மொட்டைத் தலையாகச் சாக்லேட் மட்டும் இருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் பின்னால் வைத்தார்.

"யாரு, ஹார்லனா? ஏன் அங்கயே நிக்கிற, வாய்யா" என்றார் வின்னி. ஓபலின் அக்கா. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "ஓபல்! யாரு வந்திருக்கா பாரு!"

உள்ளே ஏதோ கீழே விழும் சத்தம். ஓபல் தலைமுடியை ஒதுக்கியபடி ஓடி வந்தார். மாவு படிந்த கை பட்டு நெற்றி வெள்ளையானது.

ஹார்லன் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். "மன்னிச்சுக்கங்க மிஸ் ஓபல். உங்க தட்டை ரொம்ப நாள் வெச்சிட்டேன். நீங்க சர்ச்சுல பாக்கும்போதெல்லாம் எனக்குக் கூசிப்போகும்."

"அய்யோ, அப்படியா பாத்தேன்?" ஓபலின் முகம் சிவந்தது. தட்டை வாங்கிக் குனிந்து பார்த்தார். "இது... நீங்களே செஞ்சீங்களா?"

"மூணு தடவை. மேல இருந்ததெல்லாம் துணியில இருக்கு."

ஓபல் ஓரத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் ஒரு தடவை தொட்டு வைத்தார். "தட்டும் கரண்டியும் எடுத்துட்டு வரேன். காப்பியும் போடுறேன். போயிடாதீங்க" என்று உள்ளே விரைந்தார்.

ஹார்லன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது.

"அப்பாடா" என்றார் வின்னியிடம் தணிந்த குரலில். "தட்டு வந்து சேந்துடுச்சு. இனிமே உங்க தங்கச்சிக்கு என்னால தொந்தரவு இல்ல. நான் இப்படியே கெளம்புறேன், சொல்லிடுங்க."

வின்னி மொச்சையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"உக்காருய்யா. சாவு வீடோ நோவு வீடோ, இந்த ஊர்ல யாருக்குச் செஞ்சாலும் ஓபல் தூக்கிப் போடுற அலுமினியத் தட்டுலதான் கொடுப்பா, திருப்பித் தர்ற வேலை அவங்களுக்கு இருக்கக்கூடாதுன்னு. பேரை ஒட்டி கண்ணாடித் தட்டுல வெச்சது உனக்கு மட்டும்தான்."