புல்தரைக்கு அடியில் ஒரு மாளிகை

அன்பும் அடக்கமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது. எனக்கு உடம்பு நலமில்லை. நீயாவது நலமாக இரு.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை, நானே தோண்டச் சொன்ன குழியில், கல்லூரி முதல்வர் பார்க்க, நானே விழுந்தேன். கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. குப்புறப் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அக்கா, சந்தோஷம் தாங்கவில்லை!

எங்கள் கல்லூரிக் கட்டிடங்களின் பழைய புகைப்படங்களை நான் வைத்துக் காப்பாற்றுகிற அறை உனக்குத் தெரியுமே. அத்தான்கூட 'தூசி தட்டுற உத்தியோகம்' என்பாரே, அதேதான். அந்த அறையைக் காலி செய்து உடைந்த நாற்காலிகளை அடுக்கப்போவதாகச் சொன்னார் முதல்வர். "இந்த ரூமால யாருக்கு என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணாவது காட்டுங்க, விட்டுடறேன்" என்றார்.

நேற்று, வியாழக்கிழமை, பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்தப் படம் கிடைத்தது. பிரதானக் கட்டிடத்துக்கு வலப்பக்கம், இப்போது வெறும் புல்தரை இருக்கிற இடத்தில், அம்மாடி, குவிமாடம் வைத்த மாளிகை! உருண்டை உருண்டையாக மரங்கள், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் ஒரு பக்கம் இடிந்த வட்ட மேடை. ஈ காக்கா கிடையாது. தூக்கிக்கொண்டு ஓடினேன். சரித்திரப் பேராசிரியர், "ஆள் நடமாட்டமே இல்லையே, லீவு நாள்ல எடுத்திருக்காங்க" என்று அடித்துச் சொன்னார். "அப்ப அஸ்திவாரம் இருக்கணுமே!" என்றார் முதல்வர். என் வாய் சும்மா இருக்குமா? "தோண்டினா தெரிஞ்சுடும் சார்" என்றேன். தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு வருஷமா வளர்த்த புல்லு சார். உங்க தலைமுடியா என்ன, போனா போகட்டும்னு விட?" என்றார். இருந்தாலும் இன்று காலை தோண்டினார். குழாய் உடைந்தது. தண்ணீர் பீறிட்டது. பிறகு ஒரு செங்கல் வந்தது. ஒரே ஒரு செங்கல்தான், ஆனால் செங்கல்! எட்டிப் பார்த்த வேகத்தில் நான் உள்ளே போய், அதைக் கட்டிப்பிடித்தபடியே மேலே வந்தேன். முதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே அந்த ரூம்ல யாரும் கை வைக்கக்கூடாது!" என்று சேற்றில் நின்றபடியே சொல்லிவிட்டார். செங்கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி தயாராகிறது.

படத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. அத்தான் முப்பது வருஷம் கட்டிடம் கட்டியவர். மூஞ்சிக்கு நேரே நீட்டு. பிள்ளைகளுக்கு என் முத்தம். உனக்குப் படுத்தபடியே என் வணக்கம்.

பி.கு.: அத்தானிடம் காட்டாதே. பார்சலை ஒட்டுவதற்கு முன் ஆசைக்கு ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கல்லூரியில் இருப்பது இந்த ஒரு பூதக்கண்ணாடிதான். அதையும் உனக்கே அனுப்புகிறேன், ஒளித்து வை. கல்லூரி கட்டுவதற்கு முன்னால் அட்டையில் மாதிரி செய்து, மேசைமேல் வைத்து எடுத்த படம் அது. தண்ணீர்த் தொட்டி, டீ கிளாஸ். இடிந்த மேடை, யாரோ ஒரு கடி கடித்துவிட்டு வைத்த பிஸ்கட்.