கூடுதல் செலவு ஏதுமில்லை

சட்டம் இயற்றுவது சுலபம். அதற்கு என்ன செலவாகும் என்று தெரிந்துகொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆகவே, புதுச் சட்டம் எது வந்தாலும் அரசுப் பள்ளிகளின் தலையில் எவ்வளவு சுமை விழும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து சொல்ல அரசாங்கம் ஒரு பிரிவை நிறுவியிருந்தது. நாலு மேசை, இரண்டு மின்விசிறி. சுற்றும் விசிறிக்குக் கீழே பிரிவுத் தலைவர், சுற்றாததற்குக் கீழே மதிப்பீட்டாளர்.

மதிப்பீட்டாளர் கெட்டவர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைகழுவும் சட்டத்துக்கு நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டு போய்க் காட்டினார். தலைவர் அதைப் பல்லி விழுந்த பாலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னப்பா, செலவாகும்னு போட்டிருக்க?"

"ஆகும் சார்."

"ஆகும்னு எழுதினா நிதிக் குழுவுக்குப் போகும். அங்க போன சட்டம் உயிரோட திரும்பினதா சரித்திரமே இல்ல. மேல இருக்கிறவங்க ஆசையா பெத்த பிள்ளைய நீ ஏன் கிணத்துல தள்ற? பள்ளிக்கூடத்துல டீச்சர்னு ஒருத்தர் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"அவங்க பார்த்துப்பாங்கன்னு எழுது."

எழுதிக் கை வலிக்கக் கூடாதென்று ஒரு ரப்பர் முத்திரையும் செய்து கொடுத்தார்கள்: 'இருக்கும் ஆசிரியரைக் கொண்டே நிறைவேற்றத்தக்கது. கூடுதல் செலவு ஏதுமில்லை.' முத்திரை தேயத் தேய மதிப்பீட்டாளருக்குப் பதவி உயர்ந்தது.

ஊர் ஓரத்து ஓராசிரியர் பள்ளி ஒன்றில் அந்த 'இருக்கும் ஆசிரியர்' அவருடைய சொந்த அக்கா.

கைகழுவும் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளையின் பத்து விரலையும் அக்கா தனித்தனியாகச் சரிபார்த்தாள். பிறகு பெரிய மனிதர் ஒருவர் வெளிநாடு போய், அங்கே சிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். உடனே புன்னகைச் சட்டம் பிறந்தது. அது போதாதென்று ஆழ்ந்து மூச்சு விடும் சட்டம். காற்று ஏற்கெனவே பள்ளி வளாகத்தில் இருப்பதால் அதற்கும் செலவில்லை. அப்புறம் பிள்ளைக்கு ஒரு மரம். இலைகளை அக்கா எண்ண வேண்டும். கடைசியாகத் தீப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி பள்ளி நடக்கும் நேரம் முழுவதும் பொறுப்பு அலுவலர் மணல் வாளியின் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பொறுப்பு அலுவலர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு விடுமுறை நாளில் அக்கா தம்பி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஏன்டா, எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு உங்க ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமா?"

"சட்டத்துக்குச் சட்டம் தனித்தனியாத்தான் மதிப்பிடணும்க்கா. ஒண்ணைப் பார்க்கும்போது இன்னொண்ணு கண்ணுல படக் கூடாது. அதுதான் நெறிமுறை. கைகழுவுற சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் நீ நாள் பூரா சும்மாதான் இருக்க. புன்னகைச் சட்டத்துக்கும் அப்படித்தான்."

"அஞ்சு சட்டத்துக்கும் சும்மா இருக்கிறவளுக்கு ஏன்டா இப்படி முடி கொட்டுது?"

"அதை மதிப்பிட வேற பிரிவு இருக்குக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "தையல்காரர் பொண்ணு ஒருத்தி இருக்காடா. 'க'வுக்குத் துணைக்கால் போட்டா 'கா'ன்னு ஒருநாள் தானாவே கண்டுபிடிச்சுட்டா. துள்ளிக் குதிச்சா. மறுநாள் முதல் சட்டம் வந்துச்சு. அன்னையிலிருந்து அந்தக் 'கா'லயே நிக்கிறா. எனக்கு தினம் ஒரு மணி நேரம் குடுங்கடா, எழுத்துச் சொல்லிக் குடுக்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

தம்பி மின்விசிறியை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். முத்திரை குத்துகிறவனுக்கும் அக்கா அக்காதானே!

அடுத்த மாதமே, பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சட்டசபைக்குப் புதிதாக வந்த ஓர் உறுப்பினர், 'அரசுப் பள்ளிகளில் தினம் ஒரு மணி நேரம் வாசிக்கக் கற்றுத்தர வேண்டும்' என்று சட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் இப்படிக்கூடச் செய்யலாமா என்று அவையே வியந்தது.

கோப்பு மதிப்பீட்டாளரின் மேசைக்கு வந்தது. அக்காவுக்கு ஒரு நல்லது செய்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார். முத்திரையை இழுப்பறையில் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாச் சட்டங்களையும் சேர்த்துக் கூட்டினார். இருக்கும் ஆசிரியருக்கு ஒரு நிமிடமும் மிச்சமில்லை. பள்ளிக்கு இன்னோர் ஆசிரியர் தேவை. அதற்கு இவ்வளவு கோடி என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அது அவர் வழக்கம்.

கோப்பு நேரே நிதிக் குழுவுக்குப் போனது. 'கோடிகளை விழுங்கும் வாசிப்புச் சட்டம்' என்று பத்திரிகைகள் அலறின. "படிக்கிறதுக்கு இவ்வளவு செலவா? யாரு வீட்டுப் பணம்?" என்று முடிதிருத்தும் கடையில் பாதி சவரத்தோடு எழுந்து நின்று கேட்டார்கள். அவையில் ஒரு சிறு திருத்தம் வந்தது. 'வாசிக்கக் கற்றுத்தருதல்' என்பதை அடித்துவிட்டு 'வாசிப்பைப் போற்றுதல்' என்று போட்டார்கள். பள்ளிக்கு ஒரு பலகை மாட்டினால் போதும். மேசைகள் தட்டப்பட்டன, முத்திரை இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது.

"நல்லதுன்னு நெனச்சு உண்மையை எழுதிட்டேன்க்கா" என்றார் தம்பி, தொலைபேசியில்.

"அஞ்சு தடவை பொய் எழுதின, அஞ்சும் பாஸாச்சு. நமக்கு ஒண்ணு வரும்போதுதான் உனக்கு அரிச்சந்திரன் வேஷமா? போகட்டும். போர்டுக்குப் பெயின்ட் யார் குடுப்பா?"

"இருக்கும் பெயின்ட்டைக் கொண்டேன்னு போட்டிருக்கு."

பலகைத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். ஊர்க்காரர்கள் நாங்களெல்லாம் போயிருந்தோம். 'காலமெல்லாம் வாசிப்போம்' என்று அக்கா அழகாக எழுதியிருந்தாள். அமைச்சர் முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமியைக் கூப்பிட்டார். தையல்காரர் மகள்.

"வாசி பார்க்கலாம், கண்ணு."

அவள் முகம் மலர்ந்தது. "கா!" என்றாள், உரக்க. அவ்வளவுதான். அடுத்த எழுத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்கா மணல் வாளியின் பக்கத்தில் நின்றிருந்தாள், நகர முடியாது. உதடு மட்டும் துடித்தது. பிள்ளை யோசித்தாள். பிறகு தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஆழ்ந்து மூச்சு விட்டாள். புன்னகைத்தாள்.

"என்ன ஒழுக்கமான பிள்ளை!" என்று அமைச்சர் நெகிழ்ந்தார்.

எங்களுக்கும் கண் கலங்கியது. எங்கள் பிள்ளைகள் படிப்பது வேறு பள்ளிகளில். எல்லோரும் எழுந்து நின்று, இருக்கும் கைகளைக் கொண்டே தட்டினோம். கூடுதல் செலவு ஏதுமில்லை.