மூக்குக்கு ஒரு சான்றிதழ்

டிக்கெட் வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. பனிமலைக்கென்று இரண்டு தடித்த கோட்டு வாங்கி அலமாரியில் தொங்கவிட்டாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு விவகாரம் மூக்கில் வந்து நின்றது.

"புதுசா ஒரு ரூல் போட்டிருக்காங்க சார்," என்றார் டிராவல்ஸ்காரர் போனில். "குச்சி விட்டு எடுக்கிற டெஸ்ட் மட்டும் போதாதாம். வாசனை டெஸ்ட்டும் வேணுமாம். மூணு பாட்டில் குடுப்பாங்க. மோந்து பாத்து என்னன்னு சொல்லணும். சொல்லலேன்னா தொற்றுன்னு சந்தேகப்படுவாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் தவறினாலும் ரெண்டு பேரையும் விட மாட்டாங்க."

"அவ்வளவுதானே?" என்றார் மூக்குக்காரர். குரலில் மட்டும் தைரியம் இருந்தது.

போனை வைத்ததும் அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு மூக்கு டெஸ்ட்டா? மீனுக்கு நீச்சல் டெஸ்ட் வைக்கிற மாதிரி இருக்கு. எனக்குத்தான் டெஸ்ட்டுன்னாலே கை கால் உதறும்."

பிறகு வழக்கம்போல் பால் டம்ளரை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பாருங்க. கெட்டுப் போச்சா?"

அவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். கீழே இறக்கும்போது டம்ளரை லேசாகச் சாய்த்தார். பால் ஓரத்தில் ஒட்டாமல் வழுக்கி இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு."

"இந்த மூக்கு இல்லாட்டி இந்த வீடு என்ன ஆகும்!" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்த மூக்கு செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சோப்புத் தொழிற்சாலையில் கொப்பரை வேலை அவருக்கு. கொதிக்கிற கொழுப்பில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கிளற வேண்டும். ஊற்றும்போது கிளம்பும் ஆவி முகத்தில் அறையும். முதல் வருஷம் கண் எரியும், இருமல் வரும். அப்புறம் எதுவும் வராது. வாசனையும் வராது. சம்பளம் மட்டும் வரும். அந்தக் கூடத்தில் மூக்கு போய்விட்டதே என்று எவனும் அழுததில்லை. விரல் போனவர்களே பேசாமல் வேலை பார்த்தார்கள்.

மனைவியும் அங்கே வேலை பார்த்தவள்தான். செண்ட் டிரம்களை ஒட்டிய மேஜையில் சோப்புக்கு உறை போடுவாள். அங்கேதான் இருவரும் பார்த்தது, பேசியது, கல்யாணம் வரை போனது. பிறகும் பல வருஷம் அதே மேஜையில் நின்றாள். முதுகு ஒத்துழைக்காமல் போனபோதுதான் வேலையை விட்டாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சிலிண்டர் 'உஸ்' என்றது அவர் காதில் விழுந்தது. ஓடிப் போய்த் திருகி மூடினார். "எனக்கு ஒண்ணுமே தெரியல, அங்க உட்கார்ந்துக்கிட்டே மோப்பம் பிடிச்சிட்டீங்களே!" என்று அவள் வாயைப் பிளந்தாள். காதால் கேட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் புதுப் பெண்டாட்டி அப்படிப் பார்க்கும்போது எவன் சொல்வான்? அவள் வாய் வழியாக அது தெருவெல்லாம் பரவி, அவர் பெயரே மூக்குக்காரர் ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி மீன் வாங்கினால் அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் கழுவுவாள். அவர் மோந்து பார்ப்பதுபோல் குனிந்து மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்துச் சொல்லிவிடுவார். இதுவரை யாருக்கும் வயிறு கெட்டதில்லை.

இப்போது இந்த டெஸ்ட்.

தன் மானம் போனால் போகட்டும். பயணம் போய்விடக் கூடாது. கொப்பரையடியில் கிடந்த காலத்துக்குப் பரிசு என்று கம்பெனி கொடுத்த பயணம் அது. உறை போடும் மேஜையின் மேல் அந்தக் காலத்தில் ஒரு காலண்டர் தொங்கியது, பனிமலைப் படம் போட்டது. வேர்வை வழிய வழிய அதைப் பார்த்துக்கொண்டே உறை போட்டவள் அவள். "ஒரு கை அள்ளிப் பாக்கணும். அது போதும்," என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கோட்டு வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு, வேர்த்து ஊற்ற, கண்ணாடி முன்னால் நிற்கிறாள்.

மறுநாள் வேலையிடத்தில் நெட்டையிடம் விஷயத்தைச் சொன்னார். நெட்டை சோப்புப் பெட்டி தள்ளுகிறவன். உலகத்தில் நடக்காத விஷயங்கள்கூட அவனுக்குத் தெரியும்.

"இதுக்குப் போயா கலங்குறீங்க அண்ணே? என் மச்சான் போன மாசம்தான் அந்த டெஸ்ட் முடிச்சான். முதல்ல காப்பித்தூள், அடுத்து எலுமிச்சை, அப்புறம் புதினா. எல்லாருக்கும் இதே வரிசைதான். மனப்பாடம் பண்ணிட்டுப் போய் ஒப்பிச்சிட்டு வாங்க."

மூக்குக்காரர் மனப்பாடம் செய்தார். கொப்பரையைக் கிளறிக்கொண்டே சொன்னார். பஸ்ஸில் சொன்னார். காலையில் மனைவி காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தூக்கத்துல என்னமோ கடைக்காரன்கிட்ட சாமான் கேக்குற மாதிரி கேட்டுட்டே இருந்தீங்க. காப்பித்தூள், எலுமிச்சை, புதினான்னு. எல்லாம்தான் வீட்டுல இருக்கே."

"டெஸ்ட்ல அதான் வைப்பாங்களாம். நெட்டை சொன்னான்."

"இதே வரிசையா?"

"இதே வரிசைதான்."

"ஓ," என்றாள் அவள். விரல் விட்டு மூன்றையும் ஒருமுறை எண்ணிக்கொண்டாள்.

நெட்டை அன்று மதியமே மூச்சிரைக்க ஓடி வந்தான். "அண்ணே, வரிசையை மாத்திட்டாங்களாம்! ஆளாளுக்கு வேற வேற வரிசையாம். ஆனா பயப்படாதீங்க. புதினா சில்லுனு இருக்கும். எலுமிச்சை சுருக்குனு குத்தும். ரெண்டும் இல்லேன்னா காப்பித்தூள். இதுக்கு மூக்கே வேணாம், தோல் இருந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்தால் மனைவி மூன்று சின்ன டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டியிருந்தது. அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க, ஒத்திகை பாப்போம். நல்லாக் கலைச்சு வச்சிருக்கேன். நீங்க மோந்து சொல்லுங்க."

தப்பிக்க வழியில்லை. முதல் டப்பாவை மூக்கில் வைத்து இழுத்தார். துணியின் சொரசொரப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "புதினா," என்றார், பெரிய மனுஷர் குரலில்.

அவள் அதை வாங்கித் தன் மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "ஆமா. புதினாவேதான்."

அவருக்குத் தெம்பு வந்தது. "இது எலுமிச்சை."

"அதேதான்."

"அப்போ இது காப்பித்தூள்."

"எப்படிங்க இவ்வளவு டக்குனு சொல்றீங்க? மூக்குல எந்த இடத்துல தெரியுது? முன்னாலயா, உள்ளயா?"

"அது... நடுவுல."

"நடுவுலயா?" அவள் மறுபடி டப்பாவில் மூக்கை நுழைத்தாள். அவரும் இன்னொன்றில் நுழைத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கிற மாடுகள்போல் குனிந்திருந்தார்கள்.

ஜன்னலில் டமார் டமார் என்று தட்டும் சத்தம் கேட்டது.

"அடப் பாவிங்களா! வீடு தீப்பிடிச்சாலும் தெரியாதா உங்களுக்கு?" எதிர்வீட்டுக்காரி கத்தினாள். "தெரு முழுக்கக் கருகுற நாத்தம்!"

திரும்பிப் பார்த்தால் சமையலறை புகையில் மூழ்கியிருந்தது. வெங்காயம் கரியாகிச் சட்டியோடு ஒட்டியிருந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவர் மேல் பாய்ந்தாள்.

"கருகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீயும்தானே இங்க உட்கார்ந்திருந்தே!"

"நான் உங்க மூக்கை நம்பி உட்கார்ந்திருந்தேன்!"

எதிர்வீட்டுக்காரி இந்தச் சண்டையைக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியை விட்டு ஓர் எட்டு பின்னால் போய், மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அண்ணே... உங்க மூக்குக்கே தெரியலையா?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மூக்குக்காரருக்கே வாசனை தெரியவில்லையாம், அந்த வியாதிதானாம். பால்காரர் பாக்கெட்டை வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, பேய் துரத்துவதுபோல் சைக்கிளை மிதித்தார். இருட்டுவதற்குள் சூப்பர்வைசர் போன் செய்தார். "டெஸ்ட் எடுத்து ஒண்ணுமில்லைன்னு சர்டிபிகேட் கொண்டு வாய்யா. அதுவரைக்கும் கொப்பரைப் பக்கம் வராதே."

சட்டியைத் தேய்க்க மனைவி பின்பக்கம் போயிருந்தபோது, மூக்குக்காரர் முதல் டப்பாவின் துணியை அவிழ்த்துப் பார்த்தார். காப்பித்தூள்.

'புதினாவேதான்' என்று சொன்னாளே! அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்தும், பாவம் மனுஷன் என்று தலையாட்டியிருக்கிறாள். படுக்கையை உதறப் போனால் அவள் தலையணைக்கடியில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. தான் தூங்கும்போது மூக்கருகே நீட்டிச் சோதிக்கிறாளோ?

அந்த பயத்தில் பயிற்சியை மும்முரமாக்கினார். குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு காப்பித்தூளை உள்ளங்கையில் கொட்டினார். துணியெல்லாம் எதற்கு என்று நேராக மூக்கை வைத்து, கொப்பரையடியில் உரமேறிய நெஞ்சின் பலமத்தனையும் கூட்டி, ஒரு இழு இழுத்தார்.

தும்மல் என்றால் தும்மல், தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. மூக்கு சிவந்து கண்ணெல்லாம் தண்ணீர். வெளியே வந்தபோது எதிர்வீட்டு ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டிருந்தன.

மனைவி வாசற்படியில் நின்று அவரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அழவில்லை.

"பின் ரூம்ல படுங்க," என்றாள். "சாப்பாடு அங்கேயே வரும்."

பிறகு அலமாரியைத் திறந்து, கோட்டை மடித்து, பழைய துணிகளுக்கு அடியில் வைத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மூக்குக்காரர் பின் அறைக்குப் போனார். அவள் கத்தியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டெஸ்ட் நாளில் இருவரும் பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கிளினிக்குக்குப் போனார்கள். காலையிலேயே குச்சி விட்டு எடுத்தார்கள். மதியம் முடிவு வந்தது. இருவருக்கும் தொற்று இல்லை. மனைவிக்கு உயிர் வந்தது. "அப்போ தும்மல் சும்மாதானா?" என்றாள்.

"சும்மாதான்."

இனி பாட்டில் மட்டும்தான் பாக்கி. மனைவியை முதலில் கூப்பிட்டார்கள். போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் லேசாகச் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீங்க போங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே இருந்த நர்ஸம்மா கை வேலை பார்க்க, வாய் வேறு வேலை பார்க்கும் ரகம். அவர் உட்காருவதற்குள், காலையில் வந்த ஒரு கனத்த மனிதர் குச்சியைப் பார்த்து மயங்கி விழுந்ததையும், அதற்கு முந்தினவர் பல்செட்டைக் கழற்ற மறந்ததையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று ஒரு பாட்டிலை நீட்டினாள். "இது என்ன?"

இழுத்தார். சில்லென்று இல்லை. சுருக்கென்று இல்லை. "காப்பித்தூள்."

அடுத்தது. இதிலும் ஒன்றும் இல்லை. மூக்கு ஏற்கெனவே புண்ணாயிருந்தது. "எலுமிச்சை."

மூன்றாவதும் அப்படியே. "புதினா," என்றார் அடித்தொண்டையில்.

நர்ஸம்மா அவரையே பார்த்தாள். "ஐயா, முதல் பாட்டில்ல இருக்கிறது வெறும் தண்ணி. ஏமாத்துறவங்களைப் பிடிக்கத்தான் அதை வைக்கிறது." பேனாவைத் திறந்தாள்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும், கோட்டை மடித்து உள்ளே வைத்த சத்தம் அவருக்கு மறுபடி கேட்டது.

"எழுதாதீங்கம்மா," என்றார். "எனக்கு நோயில்ல. சோப்புக் கொப்பரையில வேலை. காஸ்டிக் ஆவியில மூக்கு போய் வருஷக்கணக்காச்சு. பொய்தான் சொன்னேன். என் ஒருத்தனைத் தள்ளி வையுங்க. அவ மட்டுமாவது போய்ப் பனியைப் பாத்துட்டு வரட்டும்."

"அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றாள் நர்ஸம்மா. "பழைய குறைக்கும் இந்த ரூலுக்கும் சம்பந்தமே இல்ல. டாக்டர் ஒரு தடவை மூக்குக்குள்ள லைட் அடிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டுடுவார். ரெண்டு பேரும் போகலாம்."

மூக்குக்காரர் கும்பிட்டார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு உதவிம்மா. வெளியில நிக்கிறாளே, அவளுக்கு இது தெரிய வேணாம். எங்க வீட்டுல பால் கெட்டுப் போச்சான்னுகூட என் மூக்கை நம்பித்தான் காட்டுறா. இத்தனை நாள் ஏமாத்திட்டேன்னு தெரிஞ்சா மனசு விட்டுப் போயிடும்."

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மாஸ்க்குக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "செண்ட் டிரம் பக்கத்துல நின்னு நின்னு தனக்கு மூக்கே போயிடுச்சு, வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு அந்தம்மாவும் இப்பதான் இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதுட்டுப் போறாங்க, அப்போ உங்க வீட்டுப் பாலை இவ்வளவு காலமா யாருதான்யா மோந்து பாத்தது?"