ரெகுலேட்டருக்குச் சந்தனப் பொட்டு

அன்புள்ள கோமதிசங்கர் மாமாவுக்கு,

இலஞ்சியிலிருந்து வடிவு வணங்கி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அருவியில் தண்ணீரும் சுகம். மதுரை வெயிலில் நீங்களும் அத்தையும் உருகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அன்று போனில் நீங்கள், "ஏட்டி வடிவு, நான் அங்கன போட்டுட்டு வந்த ரெக்கார்டு பிளேயர் பாடுதா, இன்னும் முனங்கத்தான் செய்யுதா? முனங்குச்சுன்னா தீபாவளிக்கு வரும்போது தூக்கிட்டுப் போயிருதேன். இங்கன ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றீர்கள். நான் "சரி மாமா" என்றேன். அதைக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லவில்லை. சாயங்காலம் அது பாடும்போது இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை என்றும், என் கல்யாணப் பேச்சுகூட ரெக்கார்டின் ஒரு பக்கம் முடியும்வரை காத்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் அம்மா நின்றாள். முனகலுக்கும் அம்மாதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். குற்றால சீசன் கூட்டத்தில் நம் ஊர்க் கரண்ட் ஏறி இறங்குகிறது, அடாப்டரும் பழையது, அந்தத் தள்ளாட்டமெல்லாம் பாட்டுக்குள் வந்து முனகுகிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பிளேயருக்கு எப்போதும் ஒரே அளவாகக் கரண்ட் கொடுக்க நானே ஒரு ரெகுலேட்டர் செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். "ஃபேன்ல ஒண்ணு சும்மாதான கெடக்கு, அதக் கழட்டிக்கோயேன்" என்றாள் அம்மா. அது வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் குழம்பு அடிப்பிடித்து, அந்தப் பழியும் ரெகுலேட்டர் மேல் விழுந்தது. இதில் கரண்டை ஒரே அளவில் நிறுத்தும், மூன்று கால் உள்ள ஒரு ஐசிதான் முக்கியம். அதன் உலோக முதுகை, எல்லாவற்றையும் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவோடு நேராகத் திருகிவிட்டேன். முதுகிலும் கரண்ட் ஓடும் என்பதை அடாப்டர் புகைந்து தெரிவித்தது. வேறு அடாப்டரும், நடுவில் வைக்கக் கரண்ட் கடத்தாத ஒரு மைக்கா தகடும் வாங்கத் தென்காசிக்குப் போனால், கடைக்கார ரஹ்மத் அண்ணன், "எதுக்கும்மா இந்தப் பாடு? புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு கொண்டு போ, அது சாகுறவரைக்கும் முனங்காது" என்றார். ஸ்பீக்கரை வாங்காமல் திரும்பியதில் அவருக்கு என் மேல் வருத்தம்.

தகட்டை வைத்துத் திருகியபின் பிளேயர் பாடியது, மாமா! அப்படிப் பாடியது! நாதஸ்வர ரெக்கார்டில் வாசிப்பவர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. வெள்ளிக்கிழமை வந்தது, மறுபடி முனகல். மீட்டரை வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருகிச் சரிசெய்தேன். சனிக்கிழமை அதுவே பதின்மூன்று. திருப்பித் திருகினேன். அடுத்த வெள்ளியும் முனகல். கண்டன்சரை மாற்றினேன், சால்டரிங்கைப் பிரித்து மறுபடி வைத்தேன், சாரல் ஈரம் என்று ஜன்னலைச் சாத்தினேன், வெள்ளிக்கிழமை லாட்ஜுகளில் கூட்டம் ஏறுமே, அவர்கள் மோட்டார் போடுவதுதான் காரணம் என்று குற்றாலத்தையே சந்தேகப்பட்டேன். டப்பாவுக்கு மூடி போட்டிருந்தால் இத்தனையும் இல்லை. தினமும் திறந்து பார்ப்பவளுக்கு மூடி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

போன வெள்ளி காலையில் சும்மா படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஃபிரிட்ஜுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, அப்படியே குனிந்து என் ஐசிக்கும் ஒன்று. சந்தனம் நீர்த்து மூன்று கால்களுக்கும் நடுவே சாவகாசமாக வழிந்தது. ஈரம் இருக்கும்வரை அதன் வழியே கரண்ட் கசியும், சாரல் நாளில் அது ராத்திரிவரை காயாது, காய்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இத்தனை நாள் என் கண்ணில் ஏன் படவில்லை என்கிறீர்களா? நம் வீட்டில் பொட்டு இல்லாத பொருள் எது மாமா?

"ஏம்மா, அங்கன போயா வைப்ப?"

"நெத்தி மாதிரி இருந்துச்சுட்டி, வச்சேன். எல்லாத்துக்கும் வைக்கேன், அதுக்கு மட்டும் விட்டுட்டா அது என்ன நெனைக்கும்?"

சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு மிக்ஸிக்குப் போய்விட்டாள். ஆகையால் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது இரண்டு. ஒன்று, பொட்டை நிறுத்தும்படி உங்கள் அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டும். தம்பி பேச்சைத்தான் அம்மா தட்டமாட்டாள். இரண்டு, கோளாறு பிடிபட்டுவிட்டது, துடைத்ததும் முனகல் நின்றுவிட்டது, ஆகவே பிளேயர் என்னிடமே இருக்கட்டும்.

அத்தைக்கு என் அன்பு. குற்றாலநாதர் புண்ணியத்தில் அங்கேயும் நாலு தூறல் விழட்டும்.

உங்கள் மருமகள்,
வடிவாம்பாள்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "என்னைய ஏன் சொல்லுத? புதுசா செஞ்ச சாமான், கண்ணு பட்டிரும், வெள்ளிக்கெழம தவறாம சந்தனம் வையின்னு போன்ல சொன்னதே உன் மாமன்தான்" என்றாள். முனகினால் தூக்கிப்போவதாகச் சொன்னவரும் அதே மாமாதான். ஆகவே மேலே கெஞ்சியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். பிளேயரைத் தருவதாக இல்லை. விசாரிக்க அம்மா உடனே உங்களுக்குப் போன் போட்டாள், நீங்கள் எடுக்கவில்லை. இன்று வெள்ளி. டப்பாவுக்கு மூடி போட்டேன், அம்மா மூடிமேல் பொட்டு வைத்தாள். பிளேயர் பாடியது.