யாரும் வெட்டாத பந்தயம்

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொன்னால்கூட, "உதிக்காது. ஆகட்டுமா?" என்று கையை நீட்டுகிறவன் இந்தப் பூமியில் ஒருவன்தான் இருந்தான். அவன் எங்களோடு தருமபுரியில் விடுதியில் தங்கிப் படித்தான். அவனுடைய பெயரை வாத்தியார்களே மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் அவன் 'ஆகட்டுமா'தான்.

பிள்ளைகளே, அப்போது வெள்ளைக்காரன் காலம். எங்களுக்குப் பதினைந்து வயதிருக்கும். பந்தயம் கட்ட இரண்டு பேர் கை கோக்க வேண்டும். கட்டுகிறவனின் கூட்டாளி ஒருவன் அந்தக் கைகளைத் தன் கையால் நடுவில் வெட்டிப் பிரிக்க வேண்டும். வெட்டினால்தான் பந்தயம் செல்லும். சந்தையில் பெரியவர்களுக்கும் அதுதான் சட்டம்.

பிரார்த்தனை முடிவதற்குள் வார்டன் தும்முவார் என்று ஒருநாள் கட்டினான். வார்டன் தும்மவில்லை. இவனுடைய ராத்திரிக் களி உருண்டை போயிற்று. மறுநாளும் தும்மவில்லை. வெறும் கீரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவனிடம், "விட்டுத் தொலைடா" என்றேன்.

"இப்ப விட்டா போனது போனதுதான். நாளைக்கு மொத்தமாத் திரும்பிடும் பாரு."

வார்டனுக்கு அந்த மாதம் முழுக்க ஜலதோஷமே வரவில்லை.

இந்தப் புத்தி எங்கே பிடித்தது என்றால், அவன் மாமன் சின்ன வயதில் அவனைப் பாப்பாரப்பட்டிப் பக்கம் சேவல் கட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். இவன் கை காட்டிய நோஞ்சான் சேவல் ஜெயித்தது. தோற்ற சேவல் குழம்பாயிற்று. "மருமவன் கண்ணு கண்ணுதான்" என்று மாமன் தொடைக்கறியை இவன் தட்டில் வைத்தார். அன்றைக்குத் தோற்றிருந்தால் பிழைத்திருப்பான்.

பொங்கல் லீவுக்கு எங்கள் மூன்று பேரைத் தன் ஊருக்கு அழைத்துப் போனான். மறுநாள் காலையில், "கன்னுக்குத் தண்ணி காட்டிட்டு வரேங்கா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, ஒரு செவலைக் கிடாரிக் கன்றை அவிழ்த்தான். நாங்களும் கூடப் போனோம். கிணற்றைத் தாண்டியும் நடந்தான். சேவல் கட்டு நடக்கும் தோப்பில் போய் நின்றான்.

"இது உங்கக்கா கன்னுடா. கல்யாணத்துல அவுங்க கூடப் போவ வேண்டியது" என்றேன்.

"ரெண்டாப் போவட்டுமே" என்றான்.

ஒரு பெரிய மீசைக்காரர் கை கோத்தார். கன்றுக்கு எதிர்க் கன்று. இவன் கட்டியது கறுப்புச் சேவல் மேல்.

"வெட்டுங்கடா."

நாங்கள் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டோம்.

"டேய், வெட்டுங்கடா."

"ஏம்ப்பா, உங்க கூட்டாளி கை என் கையில வேர்த்துக் கொட்டுது. வெட்டி விடுங்க" என்றார் மீசைக்காரர்.

"வேர்த்தா நீங்களே கையை எடுத்துக்குங்க. நாங்க வெட்ட மாட்டோங்க" என்றேன்.

கூட்டம் சிரித்தது. சேவல்களை விட்டுவிட்டார்கள். புழுதி பறந்தது, இறகு பறந்தது. மீசைக்காரரும் ஆகட்டுமாவும் மணமேடையில் நிற்கிற பொண்ணு மாப்பிள்ளை மாதிரி கையைப் பிடித்தபடியே வேடிக்கை பார்த்தார்கள்.

கறுப்புச் சேவல் ஜெயித்தது.

ஆமாம், ஜெயித்தது. வெட்டியிருந்தால் இவனுக்கு இரண்டு கன்று. மீசைக்காரர் கையை உதறிக்கொண்டு, "நல்ல பசங்கப்பா" என்று எங்களைத்தான் புகழ்ந்துவிட்டுப் போனார். இவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"ஜெயிச்சிருப்பேன்டா. நீங்கெல்லாம் கூட்டாளிங்களா?"

"அப்புறம் அடுத்த வாரம் ரெண்டையும் கட்டுவ" என்றான் எங்களில் ஒருவன்.

இவன் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தான். கன்று மட்டும் எங்கள் பின்னால் ஆடிக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். "ஒரு கன்னுக்குத் தண்ணி காட்ட நாலு ஆளா? உச்சிப்பொழுது ஆச்சேடா."

நாங்கள் ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று மெதுவாகத் திரும்பினோம். அவன் கன்றைக் கட்டிக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"இவனுங்களுக்கும் சேர்த்துக் களி கிண்டுக்கா. காலையிலேருந்து ஒண்ணும் தின்னல."