பத்து நகத்தையும் காட்டு, மாப்பிள்ளை

என்னிடம் ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு வீடியோ பார்த்துவிட்டால் போதும், அந்தத் துறையில் முப்பது வருட அனுபவம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. இருபத்தேழு வயதில் உச்சத்தில் இருந்தது. அந்த உச்சத்தில்தான் ஒரு மதிய விருந்துக்குத் திட்டம் போட்டேன்.

ஷமீமாவை எனக்கு வேலை இடத்தில் தெரியும். இருவருக்கும் பிடித்துப் போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, அவள் பெற்றோர் தெம்பனிஸில் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக முடிவானது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டோடு. அங்கேதான் சிக்கல்.

"எங்க உம்மாவுக்குக் கோதுமை ஆகாது" என்றாள் ஷமீமா.

"சப்பாத்தி போட வேணாம், அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்ல லா. அது குடல்ல உள்ள வியாதி. ஒரு துணுக்கு உள்ள போனாலும் ஒரு வாரம் படுக்கைதான். ஆறு வருஷமா யார் வீட்டுலயும் சாப்பிடுறது இல்ல. எங்க போனாலும் பேக்ல சொந்தமா டப்பா கொண்டு போயிடுவாங்க. அப்புறம் வாப்பாவுக்குப் பால், தயிர், நெய் எதுவும் ஒத்துக்காது."

நான் சிரித்தேன். (சிரிச்சிருக்கக் கூடாது. இப்ப தெரியுது.)

"உங்க உம்மா அந்த டப்பாவைத் தொறக்காமலேயே திரும்பிப் போவாங்க பாரு" என்றேன்.

"அப்படி மட்டும் நடந்துச்சுன்னா பாதி கல்யாணம் முடிஞ்ச மாதிரி. டப்பா தொறந்துச்சுன்னா, நம்பிக்கை இல்லாத வீட்டுக்கு மகளை எப்படி அனுப்புறதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

ஆக, என் கல்யாணம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் வந்து நின்றது.

அன்று இரவே மூன்று வீடியோ பார்த்தேன். (ரெண்டே போதும், இது கல்யாண விஷயமாச்சே.) மறுநாள் வீட்டில் ஆட்சியைப் பிடித்தேன். மைதா, ஆட்டா, பிஸ்கட், ஃப்ரீஸரில் இருந்த புராட்டா, மஞ்சள் மீ நூடுல்ஸ் எல்லாவற்றையும் சிவப்புப் பைகளில் கட்டி, என் அறை அலமாரியின் உச்சியில் ஏற்றி, 'தொடாதே' என்று காகிதம் ஒட்டினேன். என் வாப்பா காலையில் டீயில் தொட்டுத் தின்னும் ரஸ்க்கும் கைதானது. நான்கு நாள் வெறும் டீயைக் குடித்துவிட்டு என்னை அவர் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது.

லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒரு மளிகைக் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒன்றே கால் மணி நேரம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வாங்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா? படிக்கணும்னா லைப்ரரி இருக்கு" என்றார். நான் அசரவில்லை. கூட்டுப் பெருங்காய டப்பாவில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 'கோதுமை மாவு' என்று போட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். சோயா சாஸிலும் கண்டுபிடித்தேன். அப்படியே வீட்டுக்கு வந்து உம்மாவின் பெருங்காய டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். எவ்வளவு பெரிய அறிவாளி, பாருங்கள்.

அடுத்தது காதர் மாமா. உம்மாவின் தம்பி. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பிரியாணி அவர் கைதான். அவரிடம் போய், நெய்யும் தயிரும் இல்லாமல் பிரியாணி வேண்டும் என்று கேட்டேன்.

"நெய் இல்லாம, தயிர் இல்லாம?" என்றார். "அதுக்குக் கறிச்சோறுன்னு பேருடா. போய் வேற ஆளைப் பாரு."

உம்மா அழுது, நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால், நெய்க்குப் பதில் எண்ணெய் என்று மாமா சமாதானத்துக்கு வந்தார். நான் அத்தோடு விட்டேனா? பிரியாணி அண்டாவை எங்கள் வீட்டில் தேக்சா என்போம். 'தேக்சாவுக்குள் போகக் கூடாதவை' என்று தலைப்புப் போட்டு, பதினாறு பொருள்களை எழுதி, லேமினேட் செய்து அடுப்புக்கு மேலே ஒட்டினேன். (நாப்பது வருஷமா பிரியாணி போடுறவருக்கு, முட்டை கூட ஒழுங்கா அவிக்கத் தெரியாத நான்!) மாமா அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். "சரிங்க ஆபீசர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா பெரிய தேக்சாவோடு காலையிலேயே அடுப்படியில் இறங்கிவிட்டார். நான் ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஷமீமாவிடம் அளந்துகொண்டிருந்தேன். "உங்க உம்மா இவ்வளவு சுத்தமான சாப்பாட்டை வாழ்க்கையில பார்த்திருக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரி தோத்துப் போகும்" என்று சொன்னது நினைவிருக்கிறது. இடையிடையே மாமா அதை எடு, இதைக் கொடு என்று கத்துவார். கை பாட்டுக்கு வேலை செய்தது, வாய் பாட்டுக்குப் பேசியது.

மதியம் விருந்தினர் வந்தார்கள். ஷமீமாவின் வாப்பா கலகலப்பானவர், செருப்பைக் கழற்றும்போதே "வாசம் தூக்குதே!" என்றார். அவள் உம்மா அதிகம் பேசவில்லை. சோபாவில் உட்கார்ந்து, பையைத் திறந்து, நீல நிற டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த டப்பாவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

நான் ஒரு நாடகம் யோசித்து வைத்திருந்தேன். தேக்சாவை மூடியோடு ஹாலுக்குக் கொண்டுவந்து, விருந்தினர் கண்முன்னே தம் உடைக்க வேண்டும். அப்படியே செய்தேன். கரண்டியால் மூடியைச் சுற்றி டொக் டொக் என்று தட்டினேன். மூடி திறந்தது. ஆவி எழும்பியது. எல்லோரும் "ஆகா" என்றார்கள்.

"மசாலா என்ன, தம்பி?" என்று கேட்டார் ஷமீமாவின் உம்மா.

"வீட்டுல வறுத்து அரைச்சது, ஆன்ட்டி. மிக்ஸி ஜாரே புதுசு."

"எண்ணெய்?"

பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். தட்டு, கரண்டி எல்லாம் புதிது என்றேன். பெருங்காயத்தைக் குப்பையில் போட்ட கதையையும் சொன்னேன். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. நீல டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஷமீமா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முதல் தட்டை நானே பரிமாறினேன். அவர் பிஸ்மில்லா சொல்லிச் சோற்றைப் பிசைந்தார். நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

ஐந்து விரல் நகத்திலும், கழுவியும் போகாமல், வெள்ளையாகக் காய்ந்துபோன மாவு.

தட்டைப் பார்த்தேன். சோற்றின் ஓரத்தில், மூடியைத் தட்டியபோது உடைந்து விழுந்த ஒரு சின்னப் பொருக்கு. தம் போடும்போது ஆவி வெளியே போகாமல் இருக்க மூடியைச் சுற்றி ஒட்டுவோமே, அந்த மாவு. மைதா மாவு!

அவர் கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"சாப்பிடாதீங்க!" என்று அலறினேன். அலறியதோடு நிற்காமல், பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டு, தட்டைப் பிடுங்கினேன். சோறு பறந்தது. பாதி என் வாப்பா தலையில், மீதி ஷமீமாவின் வாப்பா சட்டையில்.

"விருந்தாளி தட்டையாடா பிடுங்குறே, பாவி!" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் காதர் மாமாவிடம் திரும்பினேன். "மாமா! மைதாவா ஒட்டினீங்க? லிஸ்ட் போட்டுக் குடுத்தேனே!"

மாமா நிதானமாக அடுப்படிக்குப் போய், லேமினேட் அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தார். "தேக்சாவுக்கு உள்ள போகக் கூடாததுன்னுதானே எழுதியிருக்கே? இது வெளிய ஒட்டுறது. சரி, அதை விடு. மாவைப் பிசைஞ்சது யாரு?"

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

பிசைந்தது நான். பத்து வயதிலிருந்து, மாமா தம் போட்டால் மாவு பிசைவது என் வேலை. அன்று காலையும் "மாவு எங்கடா?" என்று அவர் கத்தியதும், போனை இடுக்கிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி, நானே 'தொடாதே' என்று ஒட்டிய பையைப் பிரித்து, அரைக் கிலோ மைதாவை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி தோற்றுப் போகும் என்று சொன்னது சரியாக அந்த நேரத்தில்தான். பெருங்காயத்துக்குள் ஒளிந்திருந்த கோதுமையைக் கண்டுபிடித்த மகாராசனுக்குக் கையில் ஒட்டியிருந்தது தெரியவில்லை.

"நான்தான் ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்தார். பையின் ஜிப்பைத் திறந்தார். நீல டப்பா வெளியே வந்தது. என் கல்யாணம் அந்த ஜிப்போடு போய்விட்டது என்று நினைத்தேன். ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தம்பி, இப்படி உட்காருங்க" என்றார் அவள் உம்மா. டப்பாவைத் திறந்தார். சோறும் பொரித்த மீனும். "எத்தனையோ வீட்டுல 'ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆவாது, சாப்பிடுங்க'ன்னு கட்டாயப்படுத்தியிருக்காங்க. மரியாதைக்குச் சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரியில கிடந்திருக்கேன். இப்ப கூட நீங்க கம்முனு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சாப்பிடாதீங்கன்னு தட்டைப் புடுங்குனது நீங்க ஒருத்தர்தான்."

சொல்லிவிட்டு மீனில் பாதியை எனக்குத் தள்ளினார். "ஆனா ஒண்ணு. சமையலை மட்டும் உங்க கையில குடுக்க மாட்டேன்."

ஷமீமாவின் வாப்பா சட்டையில் ஒட்டிய சோற்றைத் துடைத்துவிட்டு, நிம்மதியாக மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டார். "நல்லா இருக்கு. ஆனா பிரியாணி இல்ல" என்று தீர்ப்பும் சொன்னார். காதர் மாமா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் கல்யாண விருந்தில் ஆன்ட்டிக்குத் தனியாகச் சின்னத் தேக்சா. மூடியைச் சுற்றி அலுமினியத் தாள். மாமா அதை ஒட்டும்போது பத்தடிக்குள் வரக் கூடாது என்று என்னை விரட்டிவிட்டார், நான் மாப்பிள்ளை என்றும் பார்க்காமல். குடும்பத்தில் யாராவது என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால் இன்றும் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். (வாப்பா இன்னும் தலையைத் தடவிப் பார்த்துக்குவாரு.)

பத்து வருடமாகிறது. நீல டப்பா இல்லாமல் என் மாமியார் போகும் ஒரே வீடு எங்கள் வீடுதான். போன பெருநாளைக்கும் வெறுங்கையோடுதான் வந்தார். வந்ததும் உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க, காட்டுங்க" என்றார். நான் பத்து விரலையும் நீட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நகமாகப் பார்த்து அவர் தலையாட்டிய பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சோறு.